வெளிநாட்டுப் படம் என்றால் எது? மருதானைப் படமாளிகைகளை முன்வைத்துச் சில செய்திகள்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

இலங்கையில் முதன்முதலாகச் சினிமா பார்த்தது யார் என்று தரம் 10 பிள்ளைகளிடம் கேட்டேன். "வெள்ளைக்காரர் சேர்" என்றார்கள். சரிதான். ஆனால் எந்த வெள்ளைக்காரர்? 1901இல் ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயும், தென்னாபிரிக்காவில் பிடிபட்டு இங்கே கொண்டுவரப்பட்டிருந்த போயர் கைதிகளும்தான் அந்த முதல் பார்வையாளர்கள். காட்டப்பட்டது என்ன தெரியுமா? போயர் யுத்தத்தில் பிரித்தானியர் வென்ற காட்சிகளும், விக்டோரியா மகாராணியின் இறுதி ஊர்வலமும். தோற்றவனைக் கூட்டிவந்து இருத்தி, அவனுடைய தோல்வியையே படமாகக் காட்டியிருக்கிறார்கள்!

ஆக, இந்த நாட்டில் சினிமா தொடங்கியதே வெளிநாட்டுப் படத்தோடுதான். சிங்களத்தில் பேசும் படம் வர 1947 ஆகிவிட்டது. இலங்கையில் எடுத்த தமிழ்ப் படம் வர 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை நம்முடைய வாப்பாமாரும் அவர்களுடைய வாப்பாமாரும் பார்த்தது எல்லாம் கப்பலில் வந்த படங்கள்தான்.

இந்தக் கதையில் நம் மருதானைக்குத் தனி இடம் உண்டு. பஞ்சிகாவத்தை டவர் ஹோல் 1911இல் நாடகத்துக்காகக் கட்டப்பட்டது. பார்சி நாடகக் குழுக்களின் பாணியில் வளர்ந்த 'நூர்த்தி' நாடகங்களுக்கு அங்கே கூட்டம் அலைமோதிய காலம் அது. பிறகு கல்கத்தாவின் மதன் கம்பெனி வந்தது. ஜே. எஃப். மதன் ஒரு பார்சி வணிகர். கல்கத்தாவில் எல்பின்ஸ்டன் என்ற பெயரில் படமாளிகை நடத்தியவர். அவர் இறந்த பின்னர், 1925இல், அதே பெயரில் மருதானையிலும் ஒரு மாளிகை எழுந்தது. கொஞ்சக் காலத்தில் நூர்த்தி படுத்துவிட்டது. டவர் ஹோலும் படம் காட்டும் இடமாகிவிட்டது.

மதனுக்குப் போட்டியாக எழுந்தவரை நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ரீ. ஏ. ஜே. நூர்பாய். போரா சமூகத்தைச் சேர்ந்த வணிகர். ஒலிம்பியா என்ற படமாளிகையை நடத்தியதோடு நிற்காமல், 1925இல் 'ராஜகீய விக்கிரமய' என்ற மௌனப் படத்தையும் தயாரித்தார். இந்த நாட்டில் எடுத்த முதல் கதைப்படம் என்று சொல்லப்படுவது அதுதான். கதாநாயகன் யார்? பின்னாளில் சமசமாஜக் கட்சித் தலைவராகவும் நிதி அமைச்சராகவும் இருந்த என். எம். பெரேராதான்! படம் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஓடியது. இலங்கைக்கு வருமுன் பிரதி தீயில் எரிந்துபோனது. இலங்கையின் முதல் படத்தை வெளிநாட்டுக்காரன் பார்த்தான், இலங்கையர் பார்க்கவில்லை.

அதே 1925இல் வெளிவந்த இன்னொரு படம் 'லைட் ஒஃப் ஏசியா'. ஹிமான்சு ராயும் ஜேர்மனியரான பிரான்ஸ் ஒஸ்டனும் சேர்ந்து எடுத்த புத்தர் கதை. இலங்கையில் அதற்குத் தடை. புத்தராக ஒரு நடிகர் வருவதைப் பௌத்த மக்கள் ஏற்கவில்லை. அந்த உணர்வு நமக்கு விளங்காததல்ல. 1976இல் முஸ்தபா அக்காத் 'தி மெசேஜ்' எடுத்தபோது நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ எங்குமே வராமல்தான் முழுப் படத்தையும் எடுத்து முடித்தார்.

ஆங்கிலப் படங்களுக்கு ஓர் உலகம் தனியாக இருந்தது. 1928இல் சிற்றம்பலம் ஏ. கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். லேக் ஹவுஸ் பக்கம் ரீகல், பம்பலப்பிட்டியில் மெஜெஸ்டிக், பின்னர் கொள்ளுப்பிட்டியில் லிபர்ட்டி, வெள்ளவத்தையில் சவோய் என்று படமாளிகைகள் வந்தன. கோட்டும் டையுமாகப் போகிறவர்கள் பல்கனியில், சாரத்தோடு போகிறவர்கள் கெலரியில். படம் ஒன்று, வாசல் இரண்டு. வெளிநாட்டுக்காரர்கள் இங்கேயே வந்து படம் எடுத்ததும் உண்டு. 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்துக்காகக் கித்துள்கலையில் பாலம் கட்டி, அதை உடைத்தும் காட்டினார்கள். நம் களனி கங்கை க்வாய் நதியாக நடித்தது!

இனி என் கேள்விக்கு வருகிறேன். சென்னையில் எடுத்த ஒரு தமிழ்ப் படம் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும்போது, சுங்கத்துக்கு அதுவும் வெளிநாட்டுப் படம்தான், ஹொலிவூட் படம் போலவே. மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் கெலரியில் இருந்தவனுக்கு அது வீட்டுப் பாஷை. அவனுக்கு அதில் என்ன வெளிநாடு? 'வெளிநாட்டு' நடிகர்களையும் பாருங்கள். வனமோகினி புகழ் தவமணி தேவி யாழ்ப்பாணத்துப் பெண். எம்.ஜி.ஆர். 1917இல் பிறந்ததே கண்டிப் பக்கம். 1965இல் சரோஜாதேவியோடு வந்தபோது பிறந்த மண்ணில் விருந்தாளியாக இறங்கினார்.

மறுபக்கமும் இதே கதைதான். முதல் சிங்களப் பேசும் படம் 'கடவுனு பொறொந்துவ'. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், படமாக்கியது தென்னிந்திய ஸ்டூடியோவில், கதாநாயகி ருக்மணி தேவி. அதே ஆண்டு வந்த 'அசோகமாலா'வுக்கு இசை முகம்மது கவுஸ். அதில் பாடிய முகைதீன் பேக், சேலத்தில் பிறந்து இங்கே வந்தவர். வெசாக் காலத்தில் அவருடைய பக்திப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. ஹிந்தி மெட்டில் சிங்களப் பாட்டு, பாடுகிறவர் தமிழ்நாட்டில் பிறந்த முஸ்லிம். இதில் எது உள்நாடு, எது வெளிநாடு என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆனால் பிரிக்க வேண்டிய காலம் வந்தது. சிங்களக் கலைஞர்களிடம் நியாயமான குறை ஒன்று இருந்தது. இறக்குமதி, விநியோகம், படமாளிகை மூன்றும் இரண்டு மூன்று கம்பெனிகளின் கையில் இருந்தன. இந்தியப் படம் நிச்சயமான வசூல். உள்ளூர்ப் படம் எடுத்தவன் திரையிடத் திகதி கேட்டு அலைந்தான். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்தை ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து கிராமத்தில் எடுத்துக் காட்டிய பிறகு, நமக்கென்று ஒரு சினிமா வேண்டும் என்ற குரல் பலத்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் திரைப்படக் கூட்டுத்தாபனம் உருவாகி, 1972 முதல் இறக்குமதியும் விநியோகமும் அரசின் கைக்கு வந்தன.

அந்த முடிவு சிங்களச் சினிமாவுக்கு நன்மை செய்தது என்பதை நான் மறுக்கமாட்டேன். நல்ல படங்கள் வந்தன. ஆனால் வெளிநாட்டுப் படத்தைக் குறைக்கும்போது சிங்களம் பேசுகிறவனுக்குக் கைமாறாகத் தன் மொழியில் படம் கிடைத்தது. தமிழ் பேசுகிறவனுக்கு? 'குத்துவிளக்கு' (1972), 'புதிய காற்று' (1975), 'கோமாளிகள்' (1976), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) என்று சில. உழைத்து எடுத்த படங்கள்தான், ஆனால் ஒரு படமாளிகையை வருஷம் முழுதும் ஓட்டப் போதாது. (கோமாளிகளில் ராமதாஸ் மரிக்காராகவும், நம் அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தார்கள். இந்த நாட்டில் எடுத்தால்தான் இப்படி ஒரு வேஷப் பொருத்தம் வரும்!) அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தமிழ்ப் படத்தையும் ஹொலிவூட்டையும் ஒரே தராசில் வைத்தார்கள். குறை அங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

பிறகு வந்தவை விரைவாக வந்தன. 1979இல் ஐ.ரி.என்., 1982இல் ரூபவாஹினி. சவூதி, குவைத் போனவர்கள் தோளில் சுமந்து வந்த 'டெக்'. படமாளிகை வாசலை மிதிக்காத பெண்களும் வீட்டுக் கூடத்தில் விடிய விடியப் படம் பார்த்தார்கள். 1983 ஜூலையில் படமாளிகைகளும் எரிந்தன. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் சேர்ந்து சாம்பலாயின. தீ வைத்தவனுக்கு அது தெரிந்திருக்குமா!

டவர் ஹோலும் எல்பின்ஸ்டனும் இன்றும் நிற்கின்றன, மறுபடியும் நாடக அரங்குகளாக. மற்றப் பல இடங்களில் பஸ் தரிப்பிடத்தின் பெயரில் மட்டும்தான் படமாளிகை இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அந்நாளில் இடைவேளையில் சில சதத்துக்குப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மூத்தம்மாவின் அலுமாரியில் அப்படி ஒன்றோ, பழைய டிக்கட் துண்டோ, நோட்டீசோ கிடந்தால் போத்தல் பேப்பர்காரனிடம் போடாதீர்கள். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தப் படமாளிகை, யாரோடு போனீர்கள் என்று இரண்டு வரியும் எழுதிவிடுங்கள். பாடசாலையில் ஓர் அல்பம் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.