கடன் வாங்கிய முதல் வரி

வியட்நாம் சுதந்திரப் பிரகடனத்தின் முதல் வரி வியட்நாமில் பிறந்ததல்ல. 1776-இல் பிலடெல்பியாவில் பிறந்தது. அது ஹனோய்க்கு வந்து சேர்ந்தது காட்டு வழியாக, உளவாளிகளின் துணையோடு.

1945 மார்ச் 9-ஆம் தேதி இரவு, இந்தோசீனாவின் பிரெஞ்சு நிர்வாகத்தை ஜப்பானியர் கவிழ்த்தார்கள். சீனாவின் குன்மிங்கில் இருந்த அமெரிக்கர்களுக்கு அதோடு கண்ணும் காதும் போயிற்று. ஜப்பானியப் படை நகர்வை யார் சொல்வது? சுட்டு வீழ்த்தப்படும் விமானிகளை யார் மீட்பது? முந்தைய ஆண்டு விழுந்த அமெரிக்க விமானி ஒருவரைக் காப்பாற்றியிருந்தது, வியட்நாம் விடுதலைக்குப் போராடிய வியட் மின் இயக்கம். அதன் தலைவர் ஹோ சி மின் அப்போது குன்மிங்கில்தான் இருந்தார். அமெரிக்க விமானப்படைத் தளபதி செனால்ட்டைச் சந்தித்த அவர் கேட்டது, தளபதியின் கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்று. பிறகு ஆறு கைத்துப்பாக்கிகளும் கிடைத்தன. படத்தையும் துப்பாக்கிகளையும் காட்டியே, அமெரிக்கா தன் பக்கம் என்று மற்ற குழுக்களை நம்பவைத்தார். இதைவிட மலிவான ராஜதந்திரத்தை நான் படித்ததில்லை.

ஜூலை 16. சி.ஐ.ஏ.வுக்கு முன்னோடியான ஓ.எஸ்.எஸ். அமைப்பின் ‘மான் குழு’, மேஜர் அலிசன் தாமஸ் தலைமையில் வட வியட்நாமின் தான் ட்ராவ் காட்டில், வியட் மின் முகாமருகே பாராசூட்டில் குதித்தது. அமெரிக்க நண்பர்களை வரவேற்கும் பதாகையை வியட் மின் ஆட்கள் கட்டியிருந்தார்கள். ஹோவோ காய்ச்சலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மாத இறுதியில் வந்திறங்கிய மருத்துவ உதவியாளர் பால் ஹோக்லண்ட் கொய்னாவும் சல்ஃபா மருந்தும் கொடுத்தார்.

அந்த முகாமில்தான் ஹோ, டான் ஃபெலான் என்ற இளம் அமெரிக்க அதிகாரியிடம் அமெரிக்கப் பிரகடனத்தின் வாசகத்தைக் கேட்டார். தன் நாட்டின் பிரகடனம்தான், ஆனாலும் ஃபெலானுக்கு அது சரியாக நினைவில்லை. கேட்டவருக்கே தன்னைவிட அதிகம் தெரிந்திருந்தது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் இறுதிக்குள் ஹோ காட்டிலிருந்து ஹனோய் வந்துவிட்டார். ஹனோய், ஹாங் ஙாங் தெரு, 48-ஆம் எண், பட்டு வியாபாரி ஒருவரின் வீடு. ஓ.எஸ்.எஸ். அதிகாரி ஆர்க்கிமிடிஸ் பாட்டியை (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ராணுவக்காரர்தான்) ஹோ அழைத்து, எழுதி வைத்திருந்த வரைவைக் காட்டினார். மொழிபெயர்ப்பாளர் வாசிக்க வாசிக்க, பாட்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது எங்கள் வாசகமாயிற்றே! ‘உயிர்’, ‘சுதந்திரம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. அதைச் சுட்டிக்காட்டியதும் ஹோ சட்டென்று ஏற்றுக்கொண்டார்: உயிர் இல்லாமல் சுதந்திரம் ஏது?

செப்டம்பர் 2-ஆம் தேதி, பா தின் சதுக்கத்தில் அந்த வரியை ஹோ வாசித்தார். வாசித்ததோடு விடவில்லை. மனிதர்கள் சமம் என்றால் உலகின் எல்லா மக்களினங்களும் சமம் என்றுதானே பொருள் என்று நீட்டினார். அமெரிக்கப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சன் எழுதாத வரி அது. என் கணக்கில், கடன் வாங்கியவர் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு மாதத்துக்குள் ஓ.எஸ்.எஸ். கலைக்கப்பட்டது. அக்டோபரிலிருந்து 1946 பிப்ரவரி வரை அமெரிக்க அதிபருக்கும் வெளியுறவு அமைச்சருக்குமாக ஹோ எட்டு முறையாவது எழுதினார். ஒன்றுக்கும் பதில் போனதாகப் பதிவில்லை.