நியூரோபிளாஸ்டோமா

நியூரோபிளாஸ்டோமா என்பது குழந்தைகளின் பரிவு நரம்பு மண்டலத்தில் தோன்றும் புற்றுநோய். கருவில் நரம்புச் செல்களாக முதிர வேண்டிய இளஞ்செல்கள் முதிராமலே பெருகிக் கட்டியாகின்றன. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியே பெரும்பாலும் இதன் பிறப்பிடம். கழுத்து முதல் இடுப்பு வரை முதுகெலும்பை ஒட்டி எங்கும் தோன்றலாம். நோயுறுவோரில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். குழந்தைகளுக்கு மூளைக்கு வெளியே வரும் திண்மக் கட்டிகளில் இதுவே மிகுதி. மேலை நாடுகளில் ஏறக்குறைய 7,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு வருகிறது. இந்தியப் பதிவேடுகளில் எண்ணிக்கை குறைவாகத் தெரிவதில் நோய் கண்டறியப்படாமல் போவதற்கும் பங்கு உண்டு.

1864-இல் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்கோ ஒரு குழந்தையின் வயிற்றுக் கட்டியை ஆராய்ந்து, அதை கிளையோமா என்னும் நரம்புத் தாங்குசெல் கட்டி வகையில் சேர்த்தார். 1891-இல் ஃபெலிக்ஸ் மார்ச்சண்ட் அது பரிவு நரம்புத் திசுவோடு தொடர்புடையது என்று கண்டார். 1901-இல் பிலடெல்பியாவின் வில்லியம் பெப்பர், கல்லீரல் வீங்கி வயிறு உப்பிய கைக்குழந்தைகளை விவரித்தார். 1907-இல் லண்டனில் ராபர்ட் ஹட்சிசன், மண்டையோட்டிலும் கண்குழியிலும் நோய் பரவிய சற்று வளர்ந்த பிள்ளைகளை விவரித்தார். வலப்பக்கக் கட்டி கல்லீரலுக்கும் இடப்பக்கக் கட்டி மண்டைக்கும் போகிறது என்ற விளக்கம் இதன் பின் எழுந்து வெகுகாலம் நின்றது. அது தவறு. இருவகையினரையும் பிரித்தது குழந்தையின் வயதே. 1910-இல் பாஸ்டனின் ஜேம்ஸ் ஹோமர் ரைட், செல்கள் மெல்லிய இழைகளைச் சுற்றிப் பூவிதழ்போல் வட்டமிட்டு நிற்பதைக் காட்டி, இவையெல்லாம் ஒரே நோய் என நிறுவி இன்றைய பெயரைச் சூட்டினார். அந்த வட்டங்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. 1927-இல் ஹார்வி குஷிங்கும் வோல்பாக்கும், இக்கட்டி காலப்போக்கில் தீங்கற்ற கட்டியாக முதிர்ந்ததை எழுதினர். கைக்குழந்தைகள் சிலரிடம் பரவிய நோயே மருந்தின்றி மறைகிறது. புற்றுநோய்களில் இது மிக அரிய இயல்பு.

அந்த இயல்புதான் வகைப்பாட்டையும் வடிவமைத்தது. 1971-இல் மருத்துவர் ஆட்ரி எவான்ஸ் நோயை நான்கு நிலைகளாகப் பிரித்ததோடு, கல்லீரல், தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் மட்டும் பரவி எலும்பைத் தொடாத கைக்குழந்தை நோய்க்குத் தனி நிலை ஒன்றை ஒதுக்கினார். பரவிய நோயாக இருந்தும் இக்குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தார்கள். 1984-இல் நோயியலாளர் ஷிமாடா திசுவின் முதிர்ச்சியை வைத்துப் பிரித்தார். 1980-களிலேயே எம்.ஒய்.சி.என். என்னும் மரபணு பல படிகளாகப் பெருகிய கட்டி மூர்க்கமானது என்பது தெளிவாயிற்று. 2009-இல் வெளிவந்த பன்னாட்டு வகைப்பாடு அறுவைக்கு முந்தைய ஸ்கேனை அடிப்படையாகக் கொண்டது. கைக்குழந்தை நோய்க்கான தனி நிலையின் வயது எல்லையை 18 மாதமாக்கியது.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் எல்லோரையும் காக்கலாம் என்று நம்பி, ஜப்பான் 1985 முதல் நாடு முழுவதும் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தது. தானே மறைந்திருக்கக்கூடிய கட்டிகளே அதில் அதிகம் சிக்கின. வேண்டாத அறுவையும் மருந்தும் நடந்தன. கியூபெக், ஜெர்மனி ஆய்வுகள் 2002-இல் இறப்பு குறையவில்லை என்று காட்டின. ஜப்பான் 2004-இல் திட்டத்தை நிறுத்தியது. சரியான முடிவு அது. ஆகவே இந்நோயில் காலத்தே கண்டறிதல் என்பது, அறிகுறி தெரிந்த பிள்ளையைத் தாமதமின்றிச் சோதிப்பதே.

குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டி போன்ற கரிசல் பகுதிகளில் இந்நோயின் அறிகுறிகள் எளிதில் வேறாகப் புரிந்துகொள்ளப்படும். வயிறு உப்பினால் மாந்தம் என்பார்கள். விடாமல் அழுதால் உரம் விழுந்தது என்பார்கள். சாப்பிட மறுத்தால் தொக்கம் என்று வயிற்றைத் தடவி உருவுவார்கள். வயிற்றில் கடினமான கட்டி தட்டுப்படும் குழந்தைக்கு இப்படி அழுத்தி உருவுவது ஆபத்து. அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கன்றிப்போதல், ஒரு விழி பிதுங்குதல், நடந்துகொண்டிருந்த பிள்ளை கால்வலியால் நடக்க மறுத்தல், நீங்காத காய்ச்சலும் வெளிறலும், கால் திடீரெனச் செயலிழத்தல் ஆகியவை பிற அறிகுறிகள். கடைசியாகச் சொன்னது கட்டி முதுகுத்தண்டை நெரிப்பதன் அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்கள் கட்டுப்பாடின்றித் துள்ளி, கைகால் உதறுவதும் அரிதாக உண்டு.

முதல் சோதனை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், செலவு குறைந்தது. கட்டி உறுதியானால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கப்படும். கட்டி சுரக்கும் வேதிப்பொருள்களின் கழிவுகளான வி.எம்.ஏ., எச்.வி.ஏ. ஆகியவை சிறுநீரில் அளக்கப்படும். இடுப்பெலும்பின் இருபுறமும் மஜ்ஜை எடுத்துப் பார்ப்பதும், திசுத் துண்டில் எம்.ஒய்.சி.என். சோதிப்பதும் கட்டாயம். கதிரியக்க அயோடின் சேர்த்த எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன் பத்தில் ஒன்பது கட்டிகளை உடல் முழுதும் காட்டிவிடும்.

சிகிச்சை அபாய நிலையைப் பொறுத்தது. கைக்குழந்தையின் சிறு கட்டியைப் பெரும்பாலும் ஸ்கேனில் கண்காணித்தாலே போதும். வேறு சிலருக்கு அறுவை மட்டும் தேவை. இடைநிலை நோய்க்கு மிதமான கீமோதெரபி தரப்படும். குறை, இடைநிலை அபாயமுள்ளோரில் நல்ல வசதியுள்ள மையங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிழைக்கிறார்கள். உயர் அபாய நோய்க்குப் பல மருந்துச் சுற்றுகள், அறுவை, உயர்வீரிய மருந்தும் குழந்தையின் சொந்த மூலச்செல்லைத் திருப்பிச் செலுத்துதலும், கதிர்வீச்சு, பிறகு ஆறு மாதம் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை என்று ஓராண்டுக்கு மேல் நீளும். முகப்பருவுக்கு எழுதப்படும் அதே மருந்துதான் இது. இதனுடன் 2015-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்தும், கட்டிச் செல்களின் மேலுள்ள ஜி.டி.2 என்னும் பொருளைத் தாக்கும் எதிர்ப்பு மருந்து, சேர்க்கப்படுகிறது. அத்தனையும் கிடைத்தாலும் உயர் அபாயப் பிள்ளைகளில் பாதிப்பேர்தான் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள். இந்தியாவில் அந்த எதிர்ப்பு மருந்தின் விலை பெரும்பாலோர் கைக்கு எட்டாதது.

தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1960-இல் குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு அமைத்தது. எழும்பூர் குழந்தைகள் நல நிலையம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவற்றிலும் சிகிச்சை உண்டு. கோவில்பட்டி வட்டாரத்தாருக்கு முதல் ஸ்கேனும் பரிந்துரையும் திருநெல்வேலி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சையை உள்ளடக்கியது. மருத்துவமனைச் சான்றிதழ் இருந்தால், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பும் மூன்றடுக்கு ஏ.சி.யும் இலவசம், உடன் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு.