பெயரும் பிணைத்தொகையும்: ‘இந்தியா’ இதழும் காலனிய அச்சுச் சட்டங்களும்

காலனிய இந்தியாவின் இதழியல் வரலாற்றில் ‘தணிக்கை’ என்னும் சொல் சற்றுத் தாராளமாகவே கையாளப்படுகிறது. அச்சேறுமுன் அலுவலர் படித்து ஒப்புதல் வழங்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொது வழக்கமாக இருக்கவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டது ஒரு பெயரை மட்டுமே. அச்சிடுவோரும் வெளியிடுவோரும் குற்றவியல் நடுவர் முன் உறுதிமொழி அளிக்க வேண்டும். எழுதியவர் யார் என்பது அதற்குத் தேவைப்படவில்லை.

இதன் விளைவை 1908இல் சென்னையில் காணலாம். ‘இந்தியா’ வார இதழை எழுத்தால் நடத்தியவர் பாரதி. பதிவுகளில் பொறுப்பேற்றிருந்தவர் எம். சீனிவாசன். இராசத் துரோக வழக்கில் சீனிவாசன் தண்டிக்கப்பட்டார். பாரதி புதுச்சேரி சென்றார். அதே ஆண்டில் கைதான ஜி. சுப்பிரமணிய ஐயரோ ‘சுதேசமித்திரன்’ இதழின் நிறுவனர். அங்கே பெயரும் எழுத்தும் ஒருவரிடமே இருந்தன. பாரதியின் புதுச்சேரிப் பயணத்தைத் துணிவு, அச்சம் என்னும் சொற்களால் மட்டும் அளப்போர் (இவ்விவாதம் இன்னும் ஓயவில்லை) இப்பதிவு முறையைக் கணக்கில் கொள்வதில்லை. எழுதுவோர் ஒருவர், சிறை செல்வோர் வேறொருவர் என்னும் நிலைக்குத் தனிமனிதக் குணத்தைவிடச் சட்டத்தின் அமைப்பே முதற்காரணம் எனலாம்.

1908 அக்டோபரில் புதுச்சேரியில் ‘இந்தியா’ மீண்டும் வெளிவந்தது. பிரெஞ்சு மண்ணில் பிரித்தானியச் சட்டம் செல்லாது. ஆயினும் வாசகரும் சந்தாவும் பெரும்பாலும் எல்லைக்கு இப்பால் இருந்தமையால், இதழின் வரவைத் தடுப்பதே போதுமானதாயிற்று. 1910 மார்ச்சில் இதழ் நின்றது.

அதற்கு முந்தைய மாதம் நிறைவேறிய அச்சுச் சட்டம் வேறொரு வழியைக் கண்டது. புதிதாக அச்சகம் தொடங்குவோர் 500 முதல் 2000 ரூபாய் வரை பிணைத்தொகை செலுத்த வேண்டும். ஆட்சேபத்துக்குரியது அச்சேறினால் அத்தொகை பறிமுதலாகும். நீதிமன்றத்தில் குற்றத்தை மெய்ப்பிக்கும் தேவை இதில் இல்லை. அரசியலில் ஈடுபாடில்லாத அச்சக உரிமையாளரும் தம் முதலைக் காக்கக் கையெழுத்துப் படியை முன்கூட்டியே படித்துப் பார்க்கும் நிலை உருவானது. முன்தணிக்கை என்பது உண்மையில் இங்கேதான் நிகழ்ந்தது; அதற்கு அரசு ஊதியம் தரவில்லை.

இச்சட்டம் 1922இல் நீக்கப்பட்டது. அதை நீக்கிய சட்டமே, இதழின் ஒவ்வொரு படியிலும் ஆசிரியரின் பெயர் அச்சிடப்பட வேண்டும் என்னும் விதியையும் கொண்டுவந்தது.