கனரக வாகன ஓட்டுநர் பயிற்சியும் தேர்வும்: தமிழ்நாட்டு லாரித் தொழிலின் வரலாற்றில்

இந்தியாவில் சரக்கு லாரி ஓட்டுநராவதற்கு இரண்டு வழிகள் இருந்து வந்துள்ளன. ஒன்று சட்டம் வகுத்த வழி: பழகுநர் உரிமம், பயிற்சிப் பள்ளி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தேர்வு, உரிமம். மற்றொன்று தொழில் வகுத்த வழி: கிளீனராக லாரியில் ஏறி, சில ஆண்டுகள் ஓட்டுநரின் அருகில் இருந்து கற்று, ஸ்டீயரிங்கைப் பிடிப்பது. முதல் வழியின் வரலாறு 1914 முதல் சட்ட நூல்களில் உள்ளது. இரண்டாவதன் வரலாற்றை யாரும் முறையாக எழுதி வைக்கவில்லை. ஆயினும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி ஓட்டிய பல தலைமுறையினரில் பெரும்பாலோர் இரண்டாவது வழியில் தொழில் கற்று, முதல் வழியில் அட்டை வாங்கியவர்களே.

தொடக்கக்காலச் சட்டங்கள்

பிரித்தானிய இந்தியா முழுவதற்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் இயற்றப்பட்டது. வண்டி ஓட்ட உரிமம் வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பவை அதன் முக்கியக் கூறுகள். அக்காலத்தில் தேர்வு என்பது பெரிய விஷயமாகக் கருதப்படவில்லை. பிரிட்டனிலேயே 1903 முதல் உரிமம் இருந்தும் ஓட்டுநர் தேர்வு 1935-இல்தான் கட்டாயமாயிற்று. அதுவரை பணம் கட்டியவருக்கு உரிமம் கிடைத்தது.

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதை மாற்றியது. ஓட்டும் திறனைச் சோதிக்கும் முறை அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் வகுக்கப்பட்டது. போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற வரம்பும் வந்தது. அச்சட்டத்தில் இன்று படிப்பவருக்கு வியப்பளிக்கும் ஒரு பிரிவு உண்டு. கூலிக்கு ஓட்டுபவரின் உரிமத்தில், அவர் சம்பளத்துக்கு வண்டி ஓட்டலாம் என்று தனியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சொந்தக் கார் ஓட்டும் கனவானையும் அவரிடம் வேலை பார்க்கும் டிரைவரையும் சட்டம் வேறு வேறாகப் பார்த்த காலம் அது. ஓட்டுநர் தொழிலை ஒரு தொழிலாக முதலில் அடையாளம் கண்டது இந்தக் குறிப்புதான் என்றும் சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போர் எதிர்பாராத ஒரு பயிற்சிக்கூடமாக அமைந்தது. இராணுவத்தின் போக்குவரத்துப் பிரிவுகள் ஏராளமான இந்திய இளைஞர்களுக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தன. போர் முடிந்ததும் அவர்களும், இராணுவம் கழித்துவிட்ட லாரிகளும் சேர்ந்தே சந்தைக்கு வந்தன. போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் பல வண்டிகள் கரி வாயுவில் ஓடின. புறப்படுமுன் கரி உலையை மூட்டி, ஊதி, வாயு பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஓட்டுநர் ஒருவரால் மட்டும் ஆகிற வேலையல்ல அது.

கிளீனர் முறை

கிளீனர் என்ற சொல்லைப் பார்த்து வண்டி துடைப்பவர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. காலையில் எண்ணெய், தண்ணீர் பார்ப்பது, இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக் காற்றின் அளவை ஓசையால் அறிவது, பாரத்தின் மேல் தார்ப்பாய் விரித்துக் கயிறு கட்டுவது, மேட்டில் நின்றால் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பது, இடப்பக்கக் கண்ணாடிக்குத் தெரியாததை எட்டிப் பார்த்துச் சொல்வது, பின்னால் எடுக்கும்போது இறங்கிக் குரல் கொடுப்பது, சாலையோரத்தில் அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பது எல்லாம் கிளீனரின் வேலை.

இந்த வேலைகளின் ஊடாகவே கல்வி நடந்தது. பழைய லாரிகளில் கியர் மாற்றுவது எளிதன்று. கிளட்சை ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, என்ஜின் வேகத்தைக் கணித்து, மீண்டும் மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். டபுள் கிளட்ச் என்பார்கள். கணிப்பு தவறினால் பற்சக்கரம் அரைபடும் ஓசை கேட்கும். அருகில் அமர்ந்து பல மாதம் அந்த ஓசையைக் கேட்டவனுக்கு எந்த வேகத்தில் எந்தக் கியர் என்பது காதில் பதிந்துவிடும். அதன்பின் லோடு இறக்கிய வண்டியைச் செட்டுக்குள் நகர்த்தி நிறுத்த விடுவார்கள். பிறகு ஒரு நாள், ஆள் நடமாட்டமில்லாத சாலையில், பின்னிரவில், “கொஞ்ச தூரம் பிடி” என்று அண்ணன் ஸ்டீயரிங்கைக் கொடுப்பார். ஓட்டுநரைக் கிளீனர் அண்ணன் என்றே அழைப்பது வழக்கம். குரு, சீடன் என்ற பெரிய சொற்கள் அங்கே புழங்கியதில்லை.

இம்முறையை மிகையாகப் போற்றுபவர்கள் உண்டு. அது சரியன்று. பின்னிரவில் கிளீனர் ஓட்டியது பெரும்பாலும் உரிமமில்லாத ஓட்டம். வெள்ளைப் பலகையில் சிவப்பில் எழுதிய 18 சென்டிமீட்டர் சதுர எல் பலகை அந்த லாரிகளில் தொங்கியதில்லை. கற்றுக்கொடுத்தவர் நல்ல ஓட்டுநர் என்றால் நல்ல பழக்கம் வந்தது. அவர் டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுபவர் என்றால் சீடனும் அதையே கற்றான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்கள் வண்டியேறியதும் உண்டு. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை விதித்து, நாளுக்கு 8 மணி நேர வேலையை வரம்பாக வைத்தது. ஆனால் அச்சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருந்த உரிமையாளர்களே மிகுந்த தொழிலில் அதன் கை எட்டவில்லை. அச்சட்டத்தின் வரையறையில் கிளீனர் என்ற சொல்லே இடம்பெற்றுள்ளது. சட்டம் அவரைத் தொழிலாளியாகக் கண்டது; கற்பவராகக் காணவில்லை.

1988 சட்டமும் பயிற்சிப் பள்ளிகளும்

இன்று நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் நிறைவேறி 1 ஜூலை 1989 முதல் செயலுக்கு வந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கு உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இதன் 12-ஆம் பிரிவில் வந்தது. தொடக்கத்தில் இச்சட்டம் படிப்படியாக ஏறும் ஏணி ஒன்றை வைத்திருந்தது. கனரகச் சரக்கு வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கேட்பவர் இரண்டு ஆண்டுகள் இலகுரக வாகன உரிமமோ, ஓராண்டு நடுத்தரச் சரக்கு வாகன உரிமமோ வைத்திருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நடுத்தரம், கனரகம் என்ற பிரிவுகளை எடுத்துவிட்டுப் போக்குவரத்து வாகனம் என்ற ஒரே வகையை வைத்தது. ஓராண்டு இலகுரக உரிமம் இருந்தால் போதும் என்றாயிற்று. காகித வேலை குறைந்தது உண்மை. ஏணியின் நடுப்படியும் அதோடு போயிற்று.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, பயிற்சியின் பாடத்திட்டத்தையும் தேர்வின் கூறுகளையும் விரிவாக வகுக்கின்றன. போக்குவரத்து வாகனப் பயிற்சி குறைந்தது 30 நாள் நடக்க வேண்டும். அதில் வண்டியோட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது. முடித்ததற்குப் பள்ளி தரும் சான்று படிவம் 5. இது இல்லாமல் போக்குவரத்து உரிமத்துக்கு விண்ணப்பிக்க இயலாது. கிளீனராகப் பத்தாண்டு இருந்தவரும் படிவம் 5-க்காகப் பள்ளியில் பணம் கட்டியாக வேண்டும். பல ஊர்களில் பள்ளிக்கும் ஓட்டுநருக்குமான உறவு அந்தப் படிவத்தோடு முடிந்தது.

தேர்வை மோட்டார் வாகன ஆய்வாளர் நடத்துகிறார். பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் ஆன பிறகே தேர்வுக்கு வர முடியும். கண்ணாடியைச் சரிசெய்வது, சைகை காட்டுவது, செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி வண்டி பின்னால் உருளாமல் மீண்டும் எடுப்பது, இறக்கத்தில் கீழ்க்கியருக்கு மாறுவது, குறுகிய இடைவெளிக்குள் பின்னோக்கிச் செலுத்துவது எனப் பதினைந்தாம் விதியில் நீண்ட பட்டியல் உள்ளது. நல்ல பட்டியல்தான். ஆனால் எந்த வகை வண்டியில் தேர்வு என்பதையே விதி சொல்கிறது. அதில் பாரம் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மைதானத்துக்கு வருவது பயிற்சிப் பள்ளியின் காலி லாரி. காலி லாரியும் பாரம் ஏற்றிய லாரியும் பிரேக் பிடிப்பதிலும் வளைவில் சாய்வதிலும் இரு வேறு வண்டிகள். இரண்டு அச்சு லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018-இல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் உயர்த்தப்பட்டது. எடையை உயர்த்திய அரசு தேர்வை உயர்த்தவில்லை. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடைப்பட்ட தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் இழந்த லாரிகள் முன்செல்லும் வண்டிகள்மீது மோதும் விபத்துகள் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காணும்போது இந்த இடைவெளி நினைவுக்கு வராமல் இராது.

நாமக்கல்லும் நிறுவனப் பயிற்சியும்

லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகள், முட்டை லாரிகள், சமையல் எரிவாயு டேங்கர்கள், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் எல்லாம் சேர்ந்து இவ்வட்டாரத்தை இந்தியாவின் லாரித் தலைநகரங்களில் ஒன்றாக்கின. எண்ணூரில் லாரி தயாரித்த அசோக் லேலண்ட் நிறுவனம் 1995-இல் தன் ஓட்டுநர் பயிற்சி நிலையத்தை நாமக்கல்லில் தொடங்கியது தற்செயலன்று. (அந்நிறுவனத்தின் டாரஸ் என்ற மாதிரிப் பெயர் இங்கு பல அச்சு லாரி எதற்கும் பொதுப்பெயராகிவிட்டது.) அரசுத் தரப்பில் சென்னை தரமணியில் உள்ள சாலைப் போக்குவரத்து நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் கனரக வாகனப் பயிற்சி அளித்து வந்தது.

எரிவாயு, பெட்ரோல், அமிலம் போன்ற அபாயகரமான பொருள்களை ஏற்றுவோருக்கு ஒன்பதாம் விதி தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மூன்று நாள் வகுப்பு. ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் படிக்க, எழுதத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கான உரிமக் குறிப்பு ஓராண்டு மட்டுமே செல்லுபடியானது. 2019 திருத்தம் மூன்றாண்டாக்கியது. டேங்கர் ஓட்டுநர்கள் ஆண்டுதோறும் வகுப்பில் உட்கார்ந்ததால், தொழிலுக்குள் வந்தபின் மீண்டும் பயிற்சி பெறும் ஒரே லாரி ஓட்டுநர் வகுப்பாக அவர்கள் இருந்தனர்.

எட்டாம் வகுப்புத் தகுதி

போக்குவரத்து வாகன ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2007-இல் வந்தது. பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் பள்ளியை விட்டுவிட்டதால்தான் பலர் கிளீனரானார்கள். அவர்களில் இருபது வயதை எட்டியவர்களுக்கு இருந்த ஒரே கதவை அவ்விதி சாத்தியது. போலி மாற்றுச் சான்றிதழ்களுக்கு வேறொரு கதவைத் திறந்தது. 2019-இல் ஒன்றிய அரசு இத்தகுதியை நீக்கியது. அரியானாவின் மேவாத் பகுதியில் ஓட்டுநர் தொழிலை நம்பியிருந்த ஏழை மக்களின் நிலையும், நாடு முழுவதும் ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர் பற்றாக்குறை இருப்பதும் அப்போது காரணங்களாகக் கூறப்பட்டன. படிப்புக்குப் பதிலாகத் திறன் பயிற்சியும் தேர்வும் வலுப்படுத்தப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது.

உரிம வகையும் இழப்பீடும்

உரிமத்தில் எந்த வகை எழுதியிருக்கிறது என்பது அலுவலக விஷயமாகத் தோன்றலாம். விபத்து நடந்த வீட்டில் அது சோற்று விஷயம். சிறிய சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தோடு ஓட்டியவர் விபத்துக்குள்ளானால், அவருக்குப் போக்குவரத்துக் குறிப்பு இல்லை என்று கூறிக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீட்டை மறுத்து வந்தன. 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்ட இலகுரக உரிமமே போதும் என்றது. காப்பீட்டு நிறுவனங்கள் இதை விடாமல் எதிர்த்தன. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 6 நவம்பர் 2024-இல் அதே நிலைப்பாட்டை உறுதிசெய்தது. 7,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குப் பழைய விதியே தொடர்கிறது.

காலியான இருக்கை

தேசிய அனுமதி பெற்ற லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதி 2018-இல் கைவிடப்பட்டது. நான்குவழிச் சாலைகளும் பவர் ஸ்டீயரிங்கும் வந்தபின் கிளீனருக்குப் படி கொடுப்பது வீண்செலவு என்று உரிமையாளர்கள் ஏற்கெனவே கருதத் தொடங்கியிருந்தனர். இன்று நெடுந்தூர லாரிகளில் தனியாளாகச் செல்லும் ஓட்டுநரே மிகுதி. குழந்தைத் தொழில் குறைந்தது நல்லது. ஆனால் கற்பவர் உட்கார்ந்த இருக்கையும் காலியாயிற்று. ஓட்டுநர் கிடைக்கவில்லை என்ற உரிமையாளர் சங்கங்களின் குறையை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

1 ஜூலை 2021 முதல் நடப்புக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மைய விதிகள் அந்த இடத்தை நிரப்ப முயல்கின்றன. கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரத்தில் 38 மணி நேரம். மையத்துக்குச் சமவெளியில் இரண்டு ஏக்கர் நிலம், ஓட்டுப் பாவனைக் கருவி, தனித் தேர்வுத் தடம் வேண்டும். பயிற்றுநர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் ஐந்தாண்டு ஓட்டுநர் அனுபவமும் உடையவராக இருக்க வேண்டும். இங்கு தேறியவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டுத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. எட்டாம் வகுப்பைத் தாண்டாமல் முப்பது ஆண்டுகள் டாரஸ் ஓட்டி ஓய்ந்த நாமக்கல் ஓட்டுநர் ஒருவர் இம்மையத்தில் மாணவராகச் சேரலாம்; பயிற்றுநராகச் சேர முடியாது.