சதாரா தந்த சாரதி

“அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?” என்னும் பழமொழி நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கி வந்தது. காலம் மாறிற்று, பெண்கள் படித்தனர், உத்தியோகமும் பார்த்தனர். ஆயினும் இன்ன வேலை ஆடவர்க்கு, இன்ன வேலை மகளிர்க்கு என்னும் வரையறை மட்டும் எளிதில் மறையவில்லை. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பெண்ணுக்குத் தகும். ரயில் எஞ்சின் தகாது என்றே உலகம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணத்தை மாற்றியவர், நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணிலேயே பிறந்த ஒரு மாதரசி. அவர் திருமதி சுரேகா யாதவ்.

எஞ்சின் ஓட்ட உடல் வலிமை வேண்டும் என்பர். நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட வேண்டியிருந்த காலத்திற்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் பம்பாயில் மின்சார ரயில் 1925-லேயே ஓடத் தொடங்கியது. 1930 ஜூன் 1-ஆம் நாள் புறப்பட்ட டெக்கான் குயினை இழுத்ததும் மின்சார எஞ்சினே. கரியும் இல்லை, அள்ளும் கரண்டியும் இல்லை. கல்வி இல்லை என்று கூறவும் இடமில்லை. சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்ற அ. லலிதா 1943-இல் பட்டம் பெற்றார்; ஜமால்பூர் ரயில்வே பணிமனையிலும் பயிற்சி பெற்றார். இவ்வளவு இருந்தும் டிரைவர் ஆசனம் ஆடவர்க்கே உரியதாக இருந்தது. தடையாய் நின்றது வலிமையன்று, கல்வியன்று. வழக்கமே என்பது இதனால் விளங்கும்.

சுரேகா 1965-ஆம் ஆண்டு சதாராவில் ஓர் உழவர் குடும்பத்தில், ஐந்து மக்களுள் மூத்தவராகப் பிறந்தார். கராட் அரசினர் பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளோமா பெற்றார். கணிதத்தில் பட்டம் பெற்று ஆசிரியை ஆக வேண்டும் என்பதே அவர் விருப்பம். இடையில் ரயில்வே உதவி டிரைவர் பதவிக்கு விண்ணப்பித்தார். தேர்வு எழுதச் சென்றபோதுதான், அங்கு வந்திருந்தோருள் தாம் ஒருவரே பெண் என்பதை அறிந்தார். கல்யாண் பயிற்சிப் பள்ளியில் ஆறு மாதம் பயின்று, 1989-இல் முறையான உதவி டிரைவர் ஆனார். வாடி பந்தருக்கும் கல்யாணுக்கும் இடையே ஓடிய ஒரு கூட்ஸ் வண்டியே அவர் பணிபுரிந்த முதல் வண்டி. ஆசியாவிலேயே ரயில் ஓட்டும் பணியில் அமர்ந்த முதற்பெண் என்று அவரைப் போற்றுகின்றனர்.

உதவி டிரைவர் வேலை எளிதன்று. புறப்படுமுன் எஞ்சினைச் சோதிக்க வேண்டும். வழிநெடுகச் சிக்னலைக் கண்டு உரக்கச் சொல்ல வேண்டும். பகல், நள்ளிரவு என்று பாராமல் அழைப்பு வரும். அன்று எஞ்சினில் கழிப்பிடம் இருந்ததில்லை. ஆடவர்க்கென்றே அமைந்த பணியில் ஒரு பெண் பட்ட இடர்களை நம் இல்லத்து மகளிர் எளிதில் உணர்வர்.

ஒவ்வொரு படியும் ஆண்டுகளை விழுங்கியது. 1996-இல் கூட்ஸ் வண்டி டிரைவர். 2000-இல் மும்பைப் புறநகர் வண்டியின் ‘மோட்டார்வுமன்’. 2010-இல் மலைப்பாதைப் பணி. கர்ஜத்திலிருந்து லோனாவலாவுக்கு ஏறும் போர்காட் மலைப்பாதையில் 37 அடி சென்றால் ஓரடி ஏற்றம். பாரமான வண்டிகளைப் பின்னிருந்து தள்ளக் கர்ஜத்தில் ‘பாங்கர்’ எஞ்சின்களைச் சேர்ப்பர். ஏற்றத்தினும் இறக்கமே கடினம்; பிரேக்கைக் கையாளும் திறமைக்கு அதுவே உரைகல். 2011 மார்ச் 8-ஆம் நாள், உலக மகளிர் தினத்தன்று, புனேயிலிருந்து அவ்விறக்கத்தின் வழியே டெக்கான் குயினை மும்பைக்குக் கொண்டு வந்தார் சுரேகா. ‘தக்காணத்து அரசி’ என்று பெயர் பூண்ட அவ்வண்டியை ஒரு பெண் ஓட்ட 80 ஆண்டுகளுக்கு மேல் ஆயின!

2023 மார்ச் 13-ஆம் நாள் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் வண்டியை ஓட்டி, அவ்வகை வண்டியை ஓட்டிய முதற்பெண் என்னும் புகழும் எய்தினார். 36 ஆண்டுப் பணிக்குப் பின் 2025 செப்டம்பர் 30-ஆம் நாள் ஓய்வு பெற்றார். இதற்கிடையே, நம் தமிழ் மக்கள் தலைமுறைகளாக வாழும் மாட்டுங்கா ரயில் நிலையம், 2017-இல் முற்றிலும் மகளிரால் நடத்தப்பெறும் நிலையமாயிற்று. ஒருவர் நடந்த தடம் பலர் செல்லும் பாதை ஆயிற்றன்றோ!

ரயில்வேயில் குமாஸ்தாப் பணி புரியும் நமக்கு ஒன்று நன்கு தெரியும். டிரைவருக்குரிய கிலோமீட்டர் படி, ஓடிய தூரத்தைக் கொண்டே கணக்கிடப்படும். ஓட்டியவர் ஆணா, பெண்ணா என்பதைக் கொண்டன்று. கணக்கு ஏடு பாராட்டாத பேதத்தை நாம் மட்டும் ஏன் பாராட்ட வேண்டும்?

நம் காலனியில் படிக்கும் பெண்மணிகள் பலர். மெட்ரிக் தேறி ஐ.டி.ஐ. முடித்தவரும், பொறியியல் டிப்ளோமா பெற்றவரும் இப்பதவிக்கு விண்ணப்பிக்கலாம். கண்ணாடி இன்றியே கூர்மையான பார்வை வேண்டும். ‘ஏ-1’ மருத்துவத் தகுதி என்பது அதுவே. “மேசை வேலையாகப் பார், அம்மா” என்று பாசத்தோடு சொல்லும் பெற்றோரை நாம் குறை கூறவில்லை. இரவுப் பணியை எண்ணி அஞ்சுவது பெற்ற மனத்தின் இயல்பே. ஆயினும் அஞ்சி மறுப்பதற்கு முன், பெண்ணின் விருப்பத்தை ஒருமுறை கேட்போமாக. சதாராவில் ஓர் உழவர் தம் மகளின் விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்திருந்தால், இவ்வரலாறு இன்னும் சில காலம் காத்திருந்திருக்கும்.