காபூல் சாலை: 1920ஆம் ஆண்டின் ஹிஜ்ரத்

ஒரு நாட்டில் அரசியல் நிலை குலைந்து, நீதி கிடைக்கும் என்னும் நம்பிக்கை அற்றுப்போகும்போது, அங்கு வாழ்வோரின் உள்ளத்தில் எழும் வினா மிகப் பழையது: இருப்பதா, போவதா? எல்லாச் சமூகங்களும் இவ்வினாவை எதிர்கொண்டிருக்கின்றன. ஆனால் முஸ்லிம்களுக்கு அது வெறும் பிழைப்பு பற்றிய வினாவாக மட்டும் இருந்ததில்லை. நம்முடைய ஆண்டுக் கணக்கே ஒரு புலம்பெயர்விலிருந்து தொடங்குகிறது. 'ஹிஜ்ரத்' என்ற சொல்லை உச்சரிக்கும்போதே நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மக்காவை விட்டு வெளியேறிய காட்சி நம் கண்முன் வந்து நிற்கிறது. இத்தகைய ஒரு சொல்லைப் பொதுமேடையில் பயன்படுத்துவோர் எவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கின்றனர் என்பதற்கு 1920ஆம் ஆண்டின் கோடை ஒரு சான்று.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குக் கடல் கடப்பது புதிதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வெளிநாடு சென்று பொருளீட்டுவதைச் 'சபர்' என்றும், அவ்வாறு செல்வோரைச் 'சபராளி' என்றும் வழங்கிவருகிறோம். சபர் செல்பவர் திரும்பி வரும் எண்ணத்துடனேயே படியிறங்குகிறார். வீட்டின் சாவி தாயிடமோ மனைவியிடமோ இருக்கிறது. ஹிஜ்ரத் செல்பவர் வீட்டையே விற்றுவிட்டுப் போகிறார். நாம் இங்குப் பேசப்போவது இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியே.

சட்ட அறிஞர்களிடையே இதுபற்றிய ஆய்வு நெடுங்காலமாக நடந்துவந்துள்ளது. மக்கா வெற்றிக்குப் பிறகு மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் இல்லை என்னும் கருத்துடைய நபிமொழி நன்கறியப்பட்டது. ஆயினும் மார்க்கக் கடமைகளை நிறைவேற்ற இயலாத நிலத்திலிருந்து வெளியேறுவது பற்றிய விதி நிலைத்தே நிற்கிறது என்று பெரும்பான்மையோர் கருதினர். ஒரு நிலம் எப்போது 'தாருல் ஹர்ப்' ஆகிறது என்பதற்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கடுமையான நிபந்தனைகளை விதித்தார்கள். ஆட்சியாளர் மாறிவிட்டார் என்பது மட்டும் போதாது. ஷாஃபிஈ அறிஞரான மாவர்தி (ரஹ்) அவர்களோ இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒருவர் தம் மார்க்கத்தை வெளிப்படையாகப் பின்பற்ற முடிகிற இடத்திலிருந்து வெளியேறுவதைவிட அங்கேயே தங்கியிருப்பது மேலானது என்றார்கள். நம் கடற்கரை ஊர்களின் மத்ஹபைச் சார்ந்த அறிஞர் ஒருவரின் இக்கருத்தை, 1920இல் உணர்ச்சி பொங்கப் பேசியவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர் என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தியாவைப் பொறுத்தவரை இவ்விவாதம் 1803இல் ஆங்கிலேயர் தில்லியைக் கைப்பற்றிய காலத்தில் கூர்மை பெற்றது. ஷாஹ் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் இந்நாடு தாருல் ஹர்ப் ஆகிவிட்டது என்னும் கருத்தை வெளியிட்டார்கள். ஆயினும் அவர்கள் தில்லியை விட்டுச் செல்லவில்லை. 1824இல் மறையும்வரை அங்கேயே கற்பித்துவந்தார்கள். ராய்பரேலியின் ஸையித் அஹ்மத் 1826இல் தம் தோழர்களுடன் எல்லைப்புறம் சென்றார். 1831இல் பாலாகோட்டில் அப்பயணம் முடிந்தது. 1857க்குப் பிறகு ஹாஜி இம்தாதுல்லாஹ், ரஹ்மத்துல்லாஹ் கைரானவி போன்றோர் மக்காவில் குடியேறினர். கைரானவி அங்கு நிறுவிய ஸவ்லத்திய்யா மத்ரஸா இந்திய முஸ்லிம்கள் ஹிஜாஸுக்கு அளித்த கொடையாக நிலைத்தது. ஆனால் இவையெல்லாம் தனிமனிதர்களின், அல்லது சிறு குழுக்களின் புலம்பெயர்வுகள். ஊர் ஊராக மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது 1920இல்தான்.

அந்நிலைக்கு அவர்களைத் தள்ளியவை எவை? முதல் உலகப் போரில் துருக்கி தோற்றது. புனிதத் தலங்களுக்கும் கிலாஃபத்துக்கும் ஊறு நேராது என்று போர்க்காலத்தில் தரப்பட்ட உறுதிமொழிகள் காற்றில் பறந்தன. உள்நாட்டில் 1919இல் ரௌலட் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பஞ்சாப் இராணுவச் சட்டத்தின் கீழ் நசுங்கியது. மௌலானா முஹம்மத் அலீ தலைமையில் இலண்டன் சென்ற கிலாஃபத் தூதுக்குழு 1920 மார்ச்சில் பிரதமர் லாயிட் ஜார்ஜைச் சந்தித்தும் பயன் விளையவில்லை. மே மாதத்தில் துருக்கிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் வெளியாயின. அதே மாத இறுதியில் பஞ்சாப் நிகழ்ச்சிகள் குறித்த ஹண்டர் குழு அறிக்கையும் வந்து, இருந்த சிறு நம்பிக்கையையும் அழித்தது.

இவ்வேளையில் வடமேற்கே ஒரு கதவு திறந்திருப்பதாகத் தோன்றியது. 1919 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானத்தின் அமீராகப் பதவியேற்ற அமானுல்லாஹ் கான், அவ்வாண்டு மே மாதத்தில் ஆங்கிலேயருடன் போரிட்டு, ஆகஸ்டில் ராவல்பிண்டி உடன்படிக்கையின் வழியே தம் நாட்டின் வெளியுறவுச் சுதந்திரத்தை நிலைநாட்டியிருந்தார். இளைஞரான முஸ்லிம் மன்னர் ஒருவர் பேரரசை எதிர்த்து நின்றது இந்திய முஸ்லிம்களின் உள்ளத்தைக் கவர்ந்தது இயல்பே. 1920 பிப்ரவரியில், தம் தந்தையின் நினைவுநாளில் உரையாற்றிய அமீர், கிலாஃபத்துக்காக உயிரையும் தருவதாகக் கூறி, இந்தியாவிலிருந்து வரும் முஹாஜிர்களைத் தம் நாடு வரவேற்கும் என்றும் அறிவித்தார். இச்செய்தி இந்திய உருது ஏடுகளில் பரவியது. குடியேறுவோருக்கு நிலமும், விளைச்சல் வரும்வரை தானியமும், பயிர்த்தொழிலுக்குக் கடனும் தரப்படும் என்ற செய்தியும் தொடர்ந்தது. நிலமற்ற உழவனுக்கும் கடனில் மூழ்கிய சிறு குடியானவனுக்கும் இது எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். மார்க்கப் பற்று மட்டுமே அவர்களை இயக்கியது என்பதும் சரியன்று. பொருளாசை மட்டுமே இயக்கியது என்று ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்ததும் சரியன்று.

அறிஞர்கள் என்ன கூறினார்கள்? ஃபிரங்கி மஹல் மௌலானா அப்துல் பாரீ அவர்களின் விளக்கம் ஹிஜ்ரத் கட்டாயம் என்று கூறவில்லை. விரும்புவோருக்கு அனுமதி உண்டு என்பதே அதன் சாரம். ஆனால் அனுமதிக்கும் கடமைக்கும் இடையிலுள்ள வேறுபாடு மேடைப் பேச்சுகளில் கரைந்துபோயிற்று. மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களின் ஃபத்வா 1920 ஜூலை இறுதியில் அமிர்தசரஸின் 'அஹ்லே ஹதீஸ்' இதழில் வெளியாயிற்று. இயன்றவர்கள் ஹிஜ்ரத் செய்யவேண்டும், ஆனால் அது ஒரு தலைமையின் கீழ் ஒழுங்குடன் அமையவேண்டும், இங்கே தங்குவோர் ஆங்கில அரசுடன் ஒத்துழைக்கலாகாது என்பது அதன் போக்கு. எதிர்க்கருத்துடையோரும் இருந்தனர். பரேலியின் அஹ்மத் ரஸா கான் இந்தியா தாருல் இஸ்லாமே என்னும் தம் நெடுநாள் நிலைப்பாட்டில் உறுதியாக இருந்தார்; தேவ்பந்த் மரபைச் சார்ந்த அஷ்ரஃப் அலீ தானவியும் இவ்வியக்கத்துக்கு இசைவு தரவில்லை. அந்தக் கோடையில் அவர்கள் ஏளனத்துக்கும் ஐயத்துக்கும் ஆளாயினர்.

நம்மை உறுத்துவது ஒன்றுண்டு. ஹிஜ்ரத்தை எடுத்துரைத்த முன்னணித் தலைவர்கள் இங்கேயே தங்கினர். அவர்களுக்கு இங்கே கிலாஃபத் பணி இருந்தது, ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம் இருந்தது என்பதெல்லாம் உண்மையே. ஆயினும் வெயிலில் நடந்தவர்கள் வேறு யாரோ.

சென்னை மாகாணத்தில் யாக்கூப் ஹசன் சேட் போன்றோரின் உழைப்பால் கிலாஃபத் இயக்கம் வேரூன்றியிருந்தது. ஆனாலும் ஹிஜ்ரத் அழைப்பு பெரிதும் அசைத்தவை எல்லைப்புற மாகாணம், பஞ்சாப், சிந்து ஆகியவற்றையே. கைபர் கணவாய் எல்லைப்புறத்தாரின் வாசலிலேயே இருந்தது. ஜூலை மாதத்தில் சிந்துவின் லார்க்கானாவிலிருந்து வழக்கறிஞர் ஜான் முஹம்மத் ஜுனேஜோவின் தலைமையில் சுமார் 750 பேர் தனி இரயிலில் புறப்பட்டனர். வழிநெடுக நிலையங்களில் மக்கள் திரண்டு உணவளித்து வழியனுப்பினர். பெஷாவரில் முஹாஜிர்களுக்கெனக் குழு அமைத்து, சராய்களில் தங்கவைத்து, கூட்டங் கூட்டமாகக் கைபர் வழியே அனுப்பினர். அதே ஜூலையில் பெஷாவரை அடுத்த கச்சா கடி இரயில் நிலையத்தில் ஆங்கிலச் சிப்பாய்களுடன் ஏற்பட்ட மோதலில் முஹாஜிர் ஒருவர் உயிரிழந்தார். அதுவரை தயங்கிநின்ற கிராமங்களும் அதன்பின் கொதித்தெழுந்தன. நின்ற பயிரையும் மாடுகளையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, மாட்டுவண்டிகளில் பெண்களையும் முதியோரையும் ஏற்றிக்கொண்டு மக்கள் ஜம்ரூதை நோக்கி நகர்ந்தனர். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க முற்பட்டால் நிலத்தின் விலை என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. வாங்கியவர்களுள் முஸ்லிம்களும் உண்டு.

சென்றோர் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. 18,000 என்ற எண் பரவலாகக் காணப்படுகிறது. 60,000 வரை உயர்த்திச் சொல்வோரும் உளர். எந்த எண்ணை ஏற்றாலும், போரிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த, வருவாய் குன்றிய ஒரு மலைநாட்டுக்கு அது தாங்கவியலாத சுமை. ஜலாலாபாத்திலும் காபூலிலும் கூடாரங்கள் நிரம்பின. முஹாஜிர்களில் ஒரு பகுதியினர் காபூலுக்கு வடக்கே ஜபலுஸ் ஸிராஜில் தங்கவைக்கப்பட்டனர். அமீருக்கோ வேறொரு கணக்கும் இருந்தது. அவருடைய அமைச்சர் மஹ்மூத் தர்ஸி அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை முசூரியில் ஆங்கிலேயருடன் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். இந்திய முஸ்லிம்களின் ஆதரவு அந்த மேசையில் ஒரு பலமாக இருந்தது என்று கருத இடமுண்டு. ஆகஸ்டின் முற்பகுதியில், வந்தவர்களைக் குடியமர்த்தும்வரை புதியவர்கள் வரவேண்டாம் என்று அமீரின் ஆணை வந்தது. அவ்வாணையை நம்ப மறுத்த ஒரு பெருங்கூட்டம், இது ஆங்கிலேயரின் சூழ்ச்சி என்றெண்ணித் தடையை மீறி எல்லையைக் கடந்தது.

பிறகு நடந்தது திரும்பும் பயணம். பசி, வெப்பம், வாந்திபேதி, வழிப்பறி ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. காபூல் சாலையின் இருமருங்கிலும் முஹாஜிர்களின் கப்றுகள் கிடந்ததாக அரசு அறிக்கைகளிலேயே பேசப்பட்டது. சென்றவர்களில் பெரும்பாலோர் திரும்பினர். திரும்பியவர்களுக்கு வீடில்லை, நிலமில்லை. எல்லைப்புறத்தின் தலைமை ஆணையர் ஹாமில்டன் கிராண்ட், திரும்பியவர்கள் தம் நிலத்தை மீட்டுக்கொள்ள ஏற்பாடுகள் செய்தார். எந்த ஆட்சியின் கீழ் வாழ்வது ஹராம் என்றெண்ணி வெளியேறினார்களோ, அதே ஆட்சியின் அலுவலகத்தில் தம் நிலத்துக்காக மனுக்கொடுத்து நின்றனர். அவர்கள் அடைந்த துன்பங்களுள் மரணத்துக்கு அடுத்தபடியாக இதையே நாம் கருதுகிறோம்.

திரும்பாதவர்களில் ஓர் இளைஞர் குழுவின் வரலாறு வியப்புக்குரியது. துருக்கிக்குச் சென்று கிலாஃபத்துக்காகப் போரிட விழைந்த அவர்கள், ஆமூ நதியைக் கடந்து சோவியத் துருக்கிஸ்தானுக்குள் நுழைந்தனர். இடையில் துர்க்மன் கிளர்ச்சியாளர்களிடம் சிறைப்பட்டுச் சாவின் விளிம்புவரை சென்று மீண்டனர். கெர்க்கி கோட்டையைக் காக்கும் சண்டையில் செஞ்சேனையின் பக்கம் நின்றனர். அவர்களிற் சிலர் தாஷ்கந்தில் எம்.என். ராயைச் சந்தித்தனர். 1920 அக்டோபர் 17 அன்று அந்நகரில் அமைந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்க உறுப்பினர்களுள் முஹாஜிர்களும் இருந்தனர். அதன் செயலாளர் முஹம்மத் ஷஃபீக் அவர்களுள் ஒருவர். பீக்கானேரைச் சேர்ந்த ஷௌகத் உஸ்மானீ பிற்காலத்தில் தம் பயணத்தை நூலாக எழுதினார். நாடு திரும்பிய பலர் 1922 முதல் 1927 வரை நடந்த பெஷாவர் சதி வழக்குகளில் சிறை சென்றனர். கலீஃபாவுக்காகப் புறப்பட்டவர்கள் லெனினிடம் சென்று சேர்ந்ததைச் சிலர் நகைப்புடன் குறிப்பிடுவதுண்டு. நமக்கு அதில் நகைக்க ஏதுமில்லை. வீட்டை விட்டுக் கிளம்பிய இருபது வயது இளைஞனுக்கு வழியில் கிடைத்த கை எதுவோ அதைப் பற்றினான்.

காபூல் சென்று அமீரைக் கண்டவர்களுள் எல்லைப்புறத்தின் அப்துல் கஃப்பார் கானும் ஒருவர். அவர் அங்குத் தங்கவில்லை. ஊர் திரும்பி, 1921இல் உத்மான்ஸயீயில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் குதாயீ கித்மத்கார் இயக்கமாக விரிந்த பணியின் விதை அங்கே விழுந்தது.

கிலாஃபத் என்னும் அமைப்பையே 1924 மார்ச்சில் துருக்கிப் பேரவை நீக்கிவிட்டது. அமானுல்லாஹ் 1929இல் அரியணை இழந்து, தாமே ஒரு புலம்பெயர்ந்தவராகி, இத்தாலியில் காலங்கழித்தார்.

ஆஸாத் அவர்களின் வாழ்வில் இவ்வினா மீண்டும் ஒருமுறை எழுந்தது. 1947 அக்டோபரில் தில்லியின் தெருக்களில் குருதி காயாதிருந்தது. புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் அகதிகளாகத் தங்கியிருந்த முஸ்லிம்கள் பாகிஸ்தான் செல்லும் இரயிலுக்காகக் காத்திருந்தனர். ஜாமிஆ மஸ்ஜிதில் கூடியிருந்த மக்களிடம் ஆஸாத் பேசினார். ஹிஜ்ரத் என்ற புனிதப் பெயரால் நீங்கள் மேற்கொண்டிருக்கும் இந்த ஓட்டத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள் என்பது அவ்வுரையின் ஒரு கருத்து. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் அச்சொல்லுக்குத் தம் கையால் ஃபத்வா எழுதியவர் அவர். அன்று அந்த முற்றத்தில் நின்றவர்களுள் 1920இல் கைபர் வரை நடந்து திரும்பியவர் எவரேனும் இருந்திருக்கலாம்.