டென்மார்க் விவசாயிகளின் கொல்களம்

1887 ஆம் ஆண்டில் ஜேர்மனி, டென்மார்க்கின் உயிர்ப்பன்றிகளுக்குத் தன் எல்லையை மூடியது. நோய்த்தடுப்பே காரணம் எனக் கூறப்பட்டது. உள்நாட்டுப் பண்ணையாளரின் நலனும் அதில் கலந்திருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

அமெரிக்க, ரஷ்யத் தானியங்கள் வந்து குவிந்ததால் விலை வீழ்ந்து, தானியச் செய்கையைவிட்டுக் கால்நடையை நம்பத் தொடங்கியிருந்த டேனிஷ் விவசாயிக்கு இது பேரிடி. எஞ்சியிருந்த பெருஞ்சந்தை பிரித்தானியா. அங்கு வேண்டப்பட்டதோ உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி. வளர்க்க மட்டுமே தெரிந்தவர்கள் இனி வெட்டவும், பதப்படுத்தவும், கடல் கடந்து விற்கவும் கற்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டிலேயே ஹோர்சென்ஸ் நகரில் விவசாயிகள் தமக்கே சொந்தமான முதலாவது கூட்டுறவுக் கொல்களத்தைத் திறந்தனர். தம் பன்றிகளைச் சங்கத்துக்கே கொடுப்பதாக உறுதியளித்தனர். பத்துப் பன்றி வைத்திருந்தவருக்கும் நூறு வைத்திருந்தவருக்கும் ஒரே வாக்குத்தான்.

இத்துணிவு ஒரே நாளில் வந்ததன்று. 1882 இல் யெடிங் கிராமத்தில் தொடங்கிய கூட்டுறவுப் பாற்சாலை வழிகாட்டியிருந்தது. வெண்ணெய் எடுத்தபின் எஞ்சிய பாலே பன்றிக்குத் தீனியுமாயிற்று. அதற்கும் முன்னரே, 1844 இல், கிறுண்ட்விக்கின் சிந்தனையிலிருந்து முதலாவது மக்கள் உயர்பள்ளி றொடிங்கில் எழுந்தது. பரீட்சையும் பட்டமும் இல்லாத பள்ளிகள் அவை! நம் பெற்றோர் பிள்ளைகளை அங்கு அனுப்பியிருப்பார்களா என்பது ஐயமே. அங்கு பயின்ற விவசாயப் பிள்ளைகள் பலர் பின்னர் கூட்டுறவுச் சங்கங்களை நடத்தினர்.

1907 இல் பன்றிப் பரிசோதனை நிலையங்களும் தொடங்கின. ஓர் ஈற்றுக் குட்டிகளுள் சிலவற்றை ஒன்றாக வளர்த்து, தின்ற தீனியையும் கிடைத்த இறைச்சியையும் அங்கு கணக்கெடுத்தனர்.